கன்னி நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ்: அறுவைச் சிகிச்சைக்கு அவசரமாகப் பணம் திரட்டுவது எப்படி?

கேள்வி: பிசானவயல் (வீரவநல்லூர்), சனிக்கிழமை இரவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் கன்னி இனத்துப் பெட்டை நாய் ஒன்று ஏழு ஆண்டுகளாக இருக்கிறது. என் அண்ணனுக்குத் திருமணமானபோது, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மைனி வந்த வண்டியிலேயே இரண்டு மாதக் குட்டியாக அதுவும் வந்தது. கன்னி நாயை விலைக்குக் கொடுக்காமல் மணப்பெண்ணோடு சீராக அனுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம். கண்களுக்கு மேலே இரண்டு பழுப்புப் புள்ளிகள் இருப்பதால் அதற்குப் 'பொட்டு' என்று பெயர் வைத்தோம்.

சென்ற மாதம் அதற்குப் பருவம் வந்து போயிற்று. கடந்த பத்து நாட்களாக வைத்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு மீண்டும் மீண்டும் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தது. வெயில் என்று நினைத்து விட்டுவிட்டோம். நேற்று முன்தினம் முதல் வாந்தி எடுக்கிறது, சோற்றை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஒட்டிய வயிறு இப்போது சினையாக இருப்பதுபோல் உப்பியிருக்கிறது. இன்று மாலை திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை முழுவதும் சீழ் கட்டியிருப்பதாகவும், அதன் வாய் மூடியிருப்பதால் சீழ் வெளியேற வழியில்லை என்றும், நாளைக்குள் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்றும் கூறினார்கள். மொத்தம் 34,000 ரூபாய் ஆகும், அதில் 20,000 ரூபாயை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் கையில் இருப்பது 6,000 ரூபாய். அண்ணன் திருப்பூரில் இருக்கிறான், சம்பளம் வர இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. நாளை ஞாயிற்றுக்கிழமை என்பதால் வங்கி, சங்கம் எதுவும் திறந்திருக்காது. ஊர்க்காரர்களிடமும் நண்பர்களிடமும் கேட்கலாம் என்றால், "மனிதர்களின் நோய்க்கே ஊரில் கை ஏந்தி நிற்கிறார்கள், நாய்க்காகக் கேட்டால் சிரிக்க மாட்டார்களா?" என்று அம்மா தடுக்கிறார்கள். மைனி ஒன்றும் சொல்லாமல் நாயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படிப் பணம் திரட்டிய அனுபவம் உள்ளவர்கள், யாரிடம், எந்த வகையில் கேட்க வேண்டும், அதில் ஏதேனும் சிக்கல் வருமா என்று தயவுசெய்து கூறுங்கள். நேரம் குறைவாக இருக்கிறது.


பதில் 1: பாளை கால்நடை (பாளையங்கோட்டை)

தம்பி, நான் கால்நடை மருத்துவம் படித்தவன். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அத்தனையும், பருவம் முடிந்து ஒன்று இரண்டு மாதங்களுக்குள் கருத்தடை செய்யாத நடுவயதுப் பெட்டைகளுக்கு வருகிற கர்ப்பப்பைச் சீழோடு பொருந்துகின்றன. நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தது வெயிலினால் அன்று. சீழிலுள்ள கிருமிகளின் நச்சு சிறுநீரகத்தைப் பாதித்து, நீரைத் தேக்கிவைக்கும் அதன் திறனைக் குறைத்துவிடுவதால்தான் அந்தத் தாகம் எடுக்கிறது. வாய் மூடிய வகையில் கர்ப்பப்பை கிழிந்து சீழ் வயிற்றுக்குள் பரவும் அபாயம் இருக்கிறது. எனவே மருத்துவர் 'நாளைக்குள்' என்று சொன்னது உங்களைப் பயமுறுத்துவதற்காக அன்று. ஊசியிலேயே கரைத்துவிடலாம் என்று யாரேனும் கூறினால் கேட்காதீர்கள். அந்த வழி, குட்டி எடுக்க வேண்டிய இளம் நாய்க்கு, அதுவும் கர்ப்பப்பையின் வாய் திறந்து சீழ் வடிந்துகொண்டிருக்கும்போது மட்டும், மருத்துவர் பார்த்து முடிவு செய்வது.

அடுத்து, பணத்தைப் பற்றி. 34,000 என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து நீங்கள் மலைத்துப்போயிருக்கிறீர்கள். அந்தத் தொகை முழுவதும் இன்றிரவே தேவைப்படாது. இன்றிரவு நாய்க்கு வேண்டியது டிரிப்பும் ஆன்டிபயாடிக் ஊசியும்தான். நீர்ச்சத்து இழந்து நச்சேறிய உடம்பை அப்படியே மயக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதால், எந்த மருத்துவரும் முதலில் சில மணி நேரம் அதைத் தேற்றுவார். அதற்கு உங்கள் கையில் இருக்கும் 6,000 ரூபாய் போதுமானதாக இருக்கக்கூடும். உடனே அங்கே பேசி, "இதைக் கட்டி இன்றிரவு சேர்த்துக்கொள்கிறோம், மீதி முன்பணத்தை நாளைக் காலையில் அறுவைக்கு முன்பு தருகிறோம்" என்று கேளுங்கள். பணம் முழுவதும் சேரட்டும் என்று நாயை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் இதில் செய்யக்கூடாத தவறு.

பிறகு, அந்தத் தாளைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அறுவைக்கும் மயக்க மருந்துக்கும் எவ்வளவு, இரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, உள்ளே தங்க வைப்பதற்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அறுவையிலும் மயக்கத்திலும் குறைக்கச் சொல்லாதீர்கள். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். தங்கும் நாட்களில் மட்டும் பேசிப் பார்க்கலாம்.

இன்னொன்று: கன்னி, ஒல்லியான உடம்புள்ள வேட்டை நாய். கொழுப்புக் குறைவான இத்தகைய இனங்கள், தயோபென்டோன் போன்ற பழைய மயக்க மருந்துகளிலிருந்து விழித்தெழ நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும், உடம்பும் விரைவில் குளிர்ந்துவிடும். மருத்துவருக்கு இது தெரிந்திருக்கும், இருந்தாலும் "இது கன்னி" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

சங்கரன்கோவில் சாலையில் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதனோடு சேர்ந்த மருத்துவமனையும் இருக்கின்றன. அரசுக் கல்லூரி என்பதால் செலவு பொதுவாகத் தனியாரைவிடக் குறைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவசர அறுவைக்கு ஆட்கள் இருப்பார்களா என்பதைத் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளாமல், இந்த நிலையிலிருக்கும் நாயை வண்டியில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம்.


பதில் 2: முக்கூடல் அக்கா

தம்பி, உங்கள் அம்மா சொன்னதையே என் மாமியாரும் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டு நாய், சாதாரண நாட்டு நாய்தான், லாரியில் அடிபட்டுப் பின்னங்கால் எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. நான் பீடி சுற்றுகிறவள், கணவருக்குக் கொத்தனார் வேலை. தகடு வைத்துக் கட்ட 22,000 ரூபாய் கேட்டார்கள், எட்டு நாட்களில் சேர்த்தோம். அதில் நான் செய்த பிழைகளைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

முதல் நாள், நாயின் இரத்தம் தோய்ந்த படத்தைப் போட்டு, அது எங்களுக்குப் பிள்ளை மாதிரி என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி, எனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினேன். கண்ணீர்ப் பொம்மைகள் நிறைய வந்தன, பணம் 700 ரூபாய் வந்தது. படிப்பவர்களுக்கு மனமில்லாமல் இல்லை. எவ்வளவு கொடுக்க வேண்டும், யாருக்குப் போகும், எப்போது வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. மறுநாள் என் மகள் அதை அழித்துவிட்டு ஆறு வரியில் எழுதினாள். அதே மாதிரி உங்களுக்கும் எழுதித் தருகிறேன், எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்:

"எங்கள் நாய் பொட்டுக்குக் கர்ப்பப்பையில் சீழ். ஞாயிறு காலை அறுவை. மொத்தச் செலவு 34,000 ரூபாய், மருத்துவமனையின் தாள் கீழே இருக்கிறது. எங்களிடம் இருப்பது போக இன்னும் இவ்வளவு தேவை. 100 ரூபாயும் உதவிதான். வந்ததும் செலவானதும் இதே குழுவில் தினமும் இரவு எழுதப்படும். போதுமான தொகை சேர்ந்ததும் நிறுத்திவிடச் சொல்வோம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நிறுத்துவோம் என்று சொல்கிறவரை நம்பி மனிதர்கள் கொடுக்கிறார்கள். நாய் நன்றாக இருந்த காலத்துப் படம் ஒன்றும், டிரிப் ஏறும் படம் ஒன்றும் போதும்.

எல்லாக் குழுக்களுக்கும் அனுப்ப வேண்டாம். உங்களை முகம் தெரிந்தவர்கள் முப்பது பேருக்குத் தனித்தனியாக, பெயர் சொல்லி அனுப்புங்கள். குழுவில் போட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவர் கொடுப்பார் என்று இருந்துவிடுகிறார்கள். பழைய பள்ளித் தோழர்கள், அண்ணனின் திருப்பூர்க் கம்பெனி நண்பர்கள், உங்கள் பொட்டு போட்ட குட்டிகளை வாங்கிப் போனவர்கள் யாராவது இருந்தால் அவர்கள், இவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். குட்டி வாங்கியவர்கள் மறுக்கவே மாட்டார்கள்.

மோசடிக்காரர்களும் வருவார்கள். எங்கள் நாயின் படத்தை எடுத்து, தன்னுடைய க்யூஆர் குறியீட்டை ஒட்டி வேறு குழுவில் ஒருவன் போட்டான். அதனால் படத்தின் மேலேயே உங்கள் ஊரையும், எந்தப் பெயருக்குப் பணம் போகும் என்பதையும் எழுதிவிடுங்கள். "5,000 அனுப்புகிறேன், உங்கள் யூபிஐ ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று ஒருவர் பேசினால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, அதை அடித்தால் உங்கள் பணம்தான் போகும்.

நான் கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டுப் போட்டு, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் எழுதி வைத்தேன். குழுவில் தொகையை மட்டும் போட்டேன், பெயரைப் போடவில்லை. 50 ரூபாய் கொடுத்தவர் 1,000 கொடுத்தவரின் பெயருக்குக் கீழே நிற்கக் கூசுவார். மொய் என்றால் திரும்பச் செய்ய வேண்டும், இது அப்படி இல்லை என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அந்த நோட்டில் இருந்த ஒருவரின் ஆடு சென்ற ஆண்டு வயிறு ஊதிக் கிடந்தபோது, நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் போய்ப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். இதை எதில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.


பதில் 3: ஓய்வுபெற்ற சங்கத்துக்காரர் (சேரன்மகாதேவி)

நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்கா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. நாய் உங்கள் வீட்டு நாய், அதற்குரிய கடனும் உங்கள் வீட்டுக் கடன். வீட்டில் ஒரு பவுன் நகை இருந்தால், திங்கட்கிழமை காலையில் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வைத்து, அறுவடை முடிந்ததும் திருப்பிவிடலாம். தனியார் அடகுக் கடைக்குப் போனால் வட்டி கூடுதல், ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் அங்கே ஓடிவிடாதீர்கள். ஊரில் நூறு பேரிடம் நூறு ரூபாய் வாங்கினால், நாளைக்கு நீங்கள் பைக்குக்குப் புது டயர் போட்டாலும் நூறு பேரும் கணக்குக் கேட்பார்கள்.

இருந்தாலும் திரட்டுவது என்று முடிவு செய்துவிட்டால், இரண்டு செய்திகளைக் கவனத்தில் வையுங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் பெறும் அன்பளிப்புகள் எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்லாமல் முழுத் தொகையுமே உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படும். உங்கள் தேவை அதற்குள் இருப்பதால் கவலையில்லை, ஆனால் "இன்னும் கொஞ்சம் வரட்டுமே" என்று ஓடவிடாதீர்கள். இரண்டாவது, முகம் தெரியாதவர்களிடமிருந்து வரும் பணத்தில் யாரேனும் ஏமாற்றிச் சேர்த்த பணம் கலந்திருந்தால், காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு சொல்லி வங்கி உங்கள் கணக்கையே முடக்கி வைக்கக்கூடும். ஆகவே குடும்பச் செலவு ஓடும் கணக்கைக் கொடுக்காமல், அதிகம் பயன்படுத்தாத ஒரு கணக்கைக் கொடுங்கள். முடிந்தால் மருத்துவமனையின் கணக்குக்கே நேராகச் செலுத்தச் சொல்லிவிட்டு, செலுத்திய ரசீதை மட்டும் உங்களுக்கு அனுப்பச் சொல்லலாம்.


பதில் 4: பெங்களூர் நெல்லையான்

மிலாப், கெட்டோ போன்ற இணையத் திரட்டுத் தளங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். அங்கே விலங்குகளின் சிகிச்சைக்கும் பணம் திரட்டுகிறார்கள். ஆனால் ஆவணங்களைச் சரிபார்த்து, சேர்ந்த பணத்தை உங்கள் கணக்குக்கு அனுப்புவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், நாளைக் காலை அறுவைக்கு அது உதவாது. கொடுப்பவரிடம் தளத்துக்கென்று ஒரு தொகையைச் சேர்த்துக் காட்டுவதும் உண்டு. அது வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 34,000 ரூபாய்க்கு, அக்கா சொன்ன முப்பது பேர் வழியே மேல் என்பது என் எண்ணம்.


கேள்வி கேட்டவர்: பிசானவயல், ஞாயிறு அதிகாலை

எல்லோருக்கும் நன்றி. இரவு பத்தரை மணிக்குக் குட்டியானை வண்டி பிடித்து, 6,000 ரூபாயைக் கட்டிச் சேர்த்துவிட்டோம், டிரிப் ஏறிக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சி சொன்ன நகை யோசனையை நான் எடுத்தபோது, அம்மாவே தன் மகளிர் குழுத் தலைவியின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, உறுப்பினர்கள் நான்கு பேரிடம் கைமாற்றாக 14,000 ரூபாய் வாங்கி வந்துவிட்டார்கள். சிரிப்பார்கள் என்று சொன்னவர்கள் அவர்கள்தான். முன்பணம் தயார். மீதித் தொகைக்காக, அக்காவின் ஆறு வரியை முப்பத்து நான்கு பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.


கேள்வி கேட்டவர்: பிசானவயல், வியாழக்கிழமை

பொட்டு பிழைத்துக்கொண்டது. ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு அறுவை நடந்தது. எடுத்த கர்ப்பப்பையை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள், இரண்டு பக்கமும் பருத்த தொத்திறைச்சிபோல் இருந்தது. மயக்கம் தெளிய மாலையாகிவிட்டது. பாளை அண்ணன் சொன்னதுபோல் உடம்பு குளிர்ந்து நடுங்கியதால், சுடுநீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நேற்று முதல் மைனி கையால் மட்டும் தயிர்ச்சோறு சாப்பிடுகிறது.

கணக்கை இங்கேயும் எழுதுவதுதான் முறை. முதலில் எழுதித் தந்த தாளில் அறுவைக்கும் மயக்கத்துக்கும் 16,000, பரிசோதனைகளுக்கு 4,500, மருந்துக்கு 4,500, ஐந்து நாள் தங்குவதற்கு 9,000 என்று இருந்தது. இரண்டு நாள் மட்டும் தங்க வைத்துவிட்டு, மீதி ஊசிகளை இங்கே உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் போட்டுக்கொள்ளச் சம்மதித்ததால் தங்கும் செலவு 3,600 ஆயிற்று. மருந்து மட்டும் 900 ரூபாய் கூடியது. ஆக மருத்துவமனைக்கு 29,500, வண்டிக்கு 2,800, மொத்தம் 32,300 ரூபாய். நாற்பத்தேழு பேர் 15,300 ரூபாய் கொடுத்தார்கள். முப்பத்து நான்கு பேரிடம் கேட்டு நாற்பத்தேழு பேர் எப்படி என்றால், சிலர் தங்கள் வீட்டில் சொல்லி அவர்களையும் கொடுக்க வைத்திருக்கிறார்கள். அக்கா சொன்னது உண்மைதான், குட்டி வாங்கிய மூன்று பேரும் கொடுத்தார்கள். திங்கள் இரவே போதும் என்று எழுதி நிறுத்திவிட்டேன்.

எங்கள் 6,000, மகளிர் குழுவில் வாங்கிய 14,000 போக, திரட்டியதில் 12,300 செலவாகி 3,000 ரூபாய் மிச்சமிருக்கிறது. இதைக் குழுவின் கைமாற்றுக்குக் கொடுக்கலாம் என்கிறான் அண்ணன். அது நாம் வாங்கிய கடன், நாம்தான் அடைக்க வேண்டும் என்கிறார்கள் அம்மா. எது சரி?


ஓய்வுபெற்ற சங்கத்துக்காரர்

தம்பி, அறுவைக்காக வாங்கிய கடனை அறுவைக்காக வந்த பணத்தில் அடைப்பது கணக்குப்படி தவறாகாது. அதை நான் சங்கத்தில் இருந்திருந்தாலும் அனுமதித்திருப்பேன். ஆனாலும் உங்கள் அம்மா சொல்வதன்படியே செய்யுங்கள்.


பாளை கால்நடை

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். சிகிச்சை இன்னும் முடியவில்லை. அறுவை நடந்து பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் தையல் பிரிக்க வேண்டும், அதற்குள் அது தையலை நக்காதபடி கழுத்தில் கூம்புப் பட்டை இருக்க வேண்டும், அப்போதே கிரியேட்டினினை மறுபடியும் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிப்பது குறைந்திருக்கிறதா என்று தினமும் அளந்து வையுங்கள். குறையவில்லை என்றால் சிறுநீரகத்துக்கு இன்னும் சிகிச்சை தேவைப்படும், அந்த 3,000 ரூபாய்க்கு அப்போது வேலை இருக்கும். தையல் பிரித்து அறிக்கை வந்த பிறகு நோட்டை மூடுங்கள்.


பிசானவயல்

அப்படியே செய்கிறேன் அண்ணே. நேற்று ஒரு நாளில் முக்கால் லிட்டர் குடித்திருக்கிறது. சென்ற வாரம் இதைப்போல் மூன்று மடங்கு குடித்தது. அறிக்கை வந்ததும் இங்கே எழுதுகிறேன்.